மயிரிழையில் ஆயிரத்தில் ஒன்று

எங்கள் சமையலறை நடுவில் ஓர் எண்ணெய்ப் பீப்பாய்.
குளிர்பெட்டிக்குப் போவதென்றால்
அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.
சியாலாவும் சுற்றிக்கொண்டிருப்பாள்,
கண்ணாடிமேல் கண்ணாடி வைத்துத் தேய்த்தபடி.
ஆறு தேய்ப்புக்கு ஓர் எட்டு.
விடிகாலை மூன்று மணிக்கு
ரொட்டிக்கடை அடுப்பு அவளைக் கூப்பிடும்வரை.

இதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு வால்நட்சத்திரத்தை
தன் கையால் தேய்த்த ஆடியில் பிடிக்க வேண்டுமாம் அவளுக்கு.
சியாத்துராவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
சொன்னாள். சிரித்தார்கள்.
"பீப்பாயில் ஒயினை ஊற்றியிருக்கலாமே அண்ணி"
என்றான் என் தம்பி ஜும்பர்.
அவளும் சிரித்தாள்.
அவன் தட்டில் இன்னொரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தாள்,
கையைக் கழுவினாள்,
விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

நான் மாங்கனீசுச் சுரங்கத்துக்காரன்.
எங்கள் ஊரில் ஆறே கறுப்பு.
அப்பா மை தீட்டியிருக்கிறாரா என்று
கேசனே சின்னதில் கேட்பாள்.
ஏழாம் மாதம், ஒரு மார்ச் மாலை,
கோட்டைக் கழற்றாமல்
பின்னாலிருந்து அவளை அணைத்துக்கொண்டேன்.
கை மடிப்பிலிருந்து விழுந்தது ஒரே ஒரு துகள்.
அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது,
தூரத்தில் யாரோ பட்டைக் கிழிப்பதுபோல்.

அவள் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஆடியை விளக்கடியில் சாய்த்து
கீறலை நகத்தால் ஒருமுறை தடவினாள்.
நான்கு மாதம் முன்பு கட்டி மேலே போட்ட
கரடுப் பொடிப் பொட்டலத்தை
நாற்காலியில் ஏறி எடுத்தாள்.
ஏறி நின்றபடியே சொன்னாள்,
"சூப் ஆறுகிறது, முர்மான்."

அன்றிலிருந்து படிக்கட்டிலேயே உடை மாற்றுகிறேன்.
டிசம்பரிலும்.
நான்காம் மாடி லாமாரா கதவிடுக்கில் எட்டிப்பார்த்து
"துரத்திவிட்டாளா?" என்பாள்.
"போய்த் தூங்கு லாமாரா" என்பேன்,
உள்ளாடையோடு, பற்கள் தந்தியடிக்க.

பிறகு வேலைநிறுத்தம்.
சம்பளம் இல்லாத நாற்பது நாள்.
ஆடியைப் போர்வையில் சுற்றிக்
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
இரட்டை ஷிப்டு ரொட்டி சுட்டாள்.
சுரங்க வாசலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு
மார்போடு அணைத்துக் கொண்டுவந்த ரொட்டிகள்.
அவளது கழுத்தடியில் சூட்டின் சிவப்பு.
வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாற்பத்தோராம் நாள் குப்புறப் படுத்துக்
கட்டிலடியில் கைவிட்டு இழுத்தவன் நான்.
குழந்தையைத் தூக்குவதுபோல் என்று சொல்ல மாட்டேன்;
கேசனே இதைவிட லேசாக இருந்தாள்.
பீப்பாய்மேல் வைத்தேன்.
குளித்திருந்தேன், இருமுறை.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்
என்று அவளைச் சொல்கிறார்கள்.
சொல்லட்டும்.
ஒரு காலைச் சேற்றில் ஊன்றாமல்
ஆற்றில் எட்டி மீன் பிடித்தவன் எவன்?

நேற்று என் தலையிலிருந்து
ஒரு முடியைப் பிடுங்கினாள், கேட்காமல்.
விளக்குக்கு நேரே பிடித்து,
"இந்த மயிரிழையை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பங்கு.
அவ்வளவுதான் மிச்சம்" என்றாள்.
"எத்தனை நாள் ஆகும்?"
"தெரியாது. கோடைக்குள். இல்லையென்றால் அடுத்த கோடை."

முடியை அவள் எறியவில்லை.
கணக்கு நோட்டுப் பக்கங்களுக்கிடையே வைத்தாள்,
சியாலாவுக்குப் பத்திரப்படுத்த வேண்டியவை
எல்லாம் போகும் இடம் அது.
கேசனேயின் பால்பல் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது.

இன்று மேகம். நாளைக்கும் மேகமாம்.
அவள் சுற்றத் தொடங்கிவிட்டாள்.
எனக்குத் தண்ணீர் வேண்டும்;
அவள் கடக்கும்வரை சுவரோடு ஒட்டி நிற்கிறேன்.