நாற்பத்தொன்றாம் இலக்கம்

பாசல் மருத்துவமனையில் எனக்குப் பெயரில்லை,
நாற்பத்தொன்று.
மூக்கின் மேற்கூரையில்
தோலுரித்த திராட்சைபோலத் தொங்கும் சதைகளைத்
திரையில் காட்டினார் டாக்டர் அம்மான்.
பிறகு ஒரு குப்பி தந்தார்.
மருந்தாக இருக்கலாம். வெறும் உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம்.
எதுவென்று அவருக்கும் தெரியாதாம்,
தெரியக் கூடாதாம்.
காலை இரண்டு, இரவு இரண்டு.
தலை குனிந்து, எதிர்க் கையால்,
நடுச்சுவரில் படாமல்.

லீஸ்டால் முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடி எனக்கு.
யாரும் கேட்டு வாங்காத மாடி.
மூடி போட்ட வாளிகள், நனைந்த விரிப்புகள்.
"உனக்குத்தான் ஒன்றும் மணக்காதே" என்பாள்
மேற்பார்வைக்காரி கோர்னேலியா.
பாராட்டுத்தான் அது.
ஆறு வருடமாய்
என் மூக்கடைப்பே என் தகுதிச் சான்றிதழ்.

பன்னிரண்டாம் கிழமை, பேனா போலக் குச்சிகள்.
மூடி திறந்து மூன்று நொடி.
தோடம்பழமா, அன்னாசியா, கராம்பா, மீனா?
தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.
லொட்டரி சுரண்டுவதுபோலச் சொன்னேன்.
பதினாறில் நாலு.
"கண்ணை மூடிச் சொன்னாலும் நாலு வரும்" என்றார்,
சிரிக்காமல்.

பத்தொன்பதாம் கிழமை, செவ்வாய்,
ஹெர் ஷாவ்பின் அறை.
விரிப்பை உருவினேன்.
மணக்குது, என்றது ஒரு குரல்.
என்னுடையது. தமிழில்.
ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன்.
கண்ணில் நீர்;
மூத்திரத்தின் காரமா, வேறேதுமா
என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பினால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
முகம் சுளிக்காமல் தன்னைக் கழுவிவிடும்
ஒரே ஆள் நான் அவருக்கு.
சுளித்ததைப் பார்த்துவிட்டார்.
சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டார்.

இரவு குளியலறைக் கண்ணாடி முன்
குப்பியோடு கனநேரம் நின்றேன்.
நிறுத்திவிடலாம். கேட்கமாட்டார்கள்,
கேட்டாலும் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.
இரண்டு அடித்தேன். மற்றப் பக்கம் இரண்டு.
அப்படியே நின்று
சுளிக்காத முகம் ஒன்றைப் பழகிப் பார்த்தேன்.
பழைய முகம்தான்,
ஆனால் இப்போது செய்யவேண்டியிருக்கிறது.

புதன் காலை அவருக்குச் சவரம்.
நுரை வழித்த கன்னத்தருகே குனிந்தபோது
கராம்பு.
ஐயமேயில்லை, கராம்பு.
சரியான விடை. புள்ளி போட ஆளில்லை.
போத்தலைத் திருப்பி வாசித்தேன், எழுதியிருந்தது.
சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.