இரண்டு கயிற்று நீளம்

ஞாயிறு, மதியம் இரண்டரை.
சோழகக் காற்றில் கடல் முழுக்க வெள்ளை பூத்திருந்தது.
தந்திராயன்குப்பத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில்
ஒன்பது மீட்டர் காத்தாடியை ஊதி நிமிர்த்தி
தண்ணீரில் இறங்கினேன்.

மிஷன் வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை எனக்கு.
ஆறு நாள் அடுத்தவர் பார்வையை அளக்கிறேன்.
ஏழாம் நாள் இடுப்பில் கொக்கி,
கொக்கியில் காற்று.

அங்கே ஐந்து பேர்
பலகைமேல் உட்கார்ந்திருந்தார்கள்,
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வருமென்று சொன்ன நாள்போல.
முதுகு கரைக்கு, முகம் அடிவானத்துக்கு.
கைதான் அவர்களுக்குத் துடுப்பு.
ஒரு நல்ல அலைக்குக் கால் மணி நேரம்,
அது முடிந்தால் நுரையெல்லாம் தலையால் முட்டி
மறுபடி வரிசையின் கடைசிக்கு.

எனக்கு அந்தப் பாடு இல்லை.
கையை ஒரு சாண் இழுத்தால் வெளிக்கடல்,
ஒரு சாண் தள்ளினால் அலையின் தோள்.
ஒன்று.
மூன்று.
ஆறு.
நான் எண்ணவில்லை.
வரிசையில் நிற்பவர்தான் எண்ணுவார்.

ஏழாவதில் அவள் எழுந்து நின்றிருந்தாள்.
எனக்கு முன்பே எழுந்துவிட்டாள்,
உடையும் முனைக்கு அவ்வளவு கிட்டத்தில்.
பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
நூல் நாலும் அவள் தலைக்கு மேல்
ரவிக்கைத் துணி கிழிக்கிற சத்தத்தோடு போயின.
அவள் குதித்தாள்.
பலகை எகிறி
ஒரு நொடி வெயிலில் தன் வயிற்றைக் காட்டி விழுந்தது.

"சாரி" என்றேன்.
காற்று அதை அப்படியே வாங்கி
பொம்மையார்பாளையம் பக்கம் கொண்டுபோய்விட்டது.

நாலு மணிக்குக் காற்று முறுக்கிக்கொண்டது.
இறங்கியாக வேண்டும்.
தனியாக இறக்கினால் காத்தாடி ஆளையும் இழுத்துப் பாறைமேல் போடும்.
கரையில் யார்?
தலைமுடியைப் பிழிந்துகொண்டு அவள் மட்டும்.

உள்ளங்கையால் உச்சந்தலையில் தட்டினால்
'பிடித்து இறக்கிவிடு' என்று பொருள்.
தெரியாதவர் கண்ணுக்கு நான்
மணக்குள விநாயகர் முன்னால் குட்டிக்கொள்கிறவன்.
அவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் கொஞ்ச நேரம் குட்டிக்கொள்ள விட்டாள்.

பிறகு, அவசரப்படாமல் நடந்து வந்து
மணலில் கிடந்த என் செருப்பைத் தாண்டி
காத்தாடியின் நெற்றியை நடுவில் பிடித்தாள்.
கவிழ்த்தாள்.
பறக்காமலிருக்க இரண்டு கை மணலும் போட்டாள்.

"உங்க நூல் எவ்ளோ நீளம்?"
"இருபத்திநாலு மீட்டர்."
"அப்போ அதுல ரெண்டு அளந்து தள்ளி ஓட்டுங்க."
நான் கயிறு சுருட்டினேன், குனிந்தபடி.
"காத்து உங்கள எங்க வேணா கொண்டு விடும்.
எங்களுக்கு இந்த முனை ஒண்ணுதான் உடையுது."

பலகையின் வாலில் சிவப்பு நகப்பூச்சில்
சத்தியவாணி என்றிருந்தது.
ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறாள் என்று
அப்புறம் தெரிந்தது. எண்ணத் தெரிந்தவள்.

அடுத்த ஞாயிறு தெற்கே தள்ளிப் போனேன்.
அலை அங்கே தேங்காய் உடைந்த மாதிரி,
அரைகுறை.
அவர்கள் பக்கம் போக வேண்டியிருந்தபோது
வெளியே சுற்றிக்கொண்டு போனேன்.
யாராவது துடுப்புப் போட ஆரம்பித்தால்
காத்தாடியை உச்சியில் நிறுத்திவிட்டு
தண்ணீரில் ஊறினேன்,
வாய் நிறைய உப்பு.
சும்மா இருப்பதற்கு இவ்வளவு தொடை வலிக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

ஒரு ஃபைபர் போட் வலையோடு திரும்பியது.
அதற்கு நாங்கள் ஆறு பேரும் ஒதுங்கினோம்.
அந்த வரிசையில் எல்லோருக்கும் கடைசி நானாக இருந்தது
ஏனோ பிடித்திருந்தது.

ஐந்து மணி இருக்கும்.
பெரிதாக ஒன்று எழும்பி வந்தது.
முறை அவளுடையது.
அவள் திரும்பிப் பார்த்தாள்,
என்னை,
பிறகு கையைத் தூக்கி
போங்க என்று காட்டினாள்.

போனேன்.
பாதி அலைகூட இல்லை,
பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
மூக்கில் வங்காள விரிகுடா.

எதிர்காற்றில் சிரிப்புச் சத்தம் வராது என்பார்கள்.
வந்தது.
ஐந்து பேருடையதும்.