தேதி கேட்கும் வினைச்சொல்

பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு எதிரே
வார இதழின் மரண அறிவிப்புப் பிரிவு.
சொல்லுக்கு நாற்பது பென்ஸ், காலம் எதுவானாலும்.
எஃபி புக்கன் ஈரக் கையுறையைக் கழற்றாமலே
தாளை நீட்டினாள். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டாராம்.

'இன்னஸ் புக்கன், படகின் எஞ்சின்காரர்.
டர்னிப் மசியலை வெறுக்கிறார்.
கடலுக்குப் போயிருக்கிறார்.'

ஹேஸ் கான் என்று இருந்தது.
வென்ட் என்று திருத்தப் பேனாவைத் திறந்தேன்.
இருபத்திரண்டு வருஷமாய் இதுதான் என் பிழைப்பு:
நேற்று, போன செவ்வாய், பத்தொன்பது எழுபத்தொன்றில் என
முடிந்த பொழுது ஒன்றை ஆணியாய் அடித்துவிட்டால்
எளிய இறந்த காலம்
தன் தொப்பியை அதில் மாட்டிக்கொள்ளும்.
ஆணி இல்லாத சுவரில் நிற்காது.

"எப்போது?" என்றேன்.

"போனது திங்கள், காலை ஆறேகால்.
ரேடியோவில் பேசியது வியாழன், நாலு பத்து.
பனி கொட்டுது என்றார்.
அப்புறம் இரைச்சல்."
கொஞ்சம் பொறுத்து,
"நீங்கள் எதற்கு எப்போது என்று கேட்டீர்கள்?"

நான் பதில் சொல்லவில்லை.

போனார், பேசினார், சொன்னார்:
மூன்றையும் மாற்றச் சம்மதித்தாள்.
மூன்றுக்கும் கடிகாரம் சாட்சி.
டர்னிப்பை மட்டும் தொட விடவில்லை.
"அதற்கு என்ன தேதி போடுவீர்கள்?"

ரசீது கிழித்தேன். சில்லறையை எண்ணாமல் போனாள்.

மாலையில் மெய்ப்பு திரும்பியது.
வெறுக்கிறார் மேல்
ஃபிண்ட்லேயின் சிவப்பு வட்டம்,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
வெள்ளை மை தொட்டு
அழித்தேன்,
வட்டத்தை.