நூறு எண்ணி முடியுமட்டும்

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுத்து
ஊதாச் சாயம் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறேன்.
திருகோணமலை ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம்,
விடியப்புறம் மூன்று மணி.
சொட்டு யோகசீலனுடையது.
கொழும்பு இரவு பஸ்ஸின் சாரதி, ஒன்பதாம் வார்ட்.
சித்திரை லீவில் டச்சுக்குடாவில் கால் நனைத்தபோது
பெருவிரலுக்குக் கீழே மட்டிச் சிப்பி வெட்டியது.
இப்போது ஆவணி.
காயம் இன்னும் சித்திரையில் நிற்கிறது.

எண்ணுகிறேன்,
பொத்தானில் விரல், டக், டக்.
வெள்ளணுக்களுக்குக் குறைவில்லை.
நிறையப் பேர் நிற்கிறார்கள்.
நிற்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

பதினேழு வருஷம்
ஹபரணையில் ஒரு தேத்தண்ணி, மூன்று கரண்டி சீனி;
தம்புள்ளையில் ரோல்ஸ்;
குருநாகலில் இன்னொரு தேத்தண்ணி, இமை கவிழாதிருக்க.
பகலில் தகரக் கூரையின் கீழ் மூன்று மணித்தியாலத் தூக்கம்,
அதற்குள்ளும் ஹோர்ன் அடிக்கும் கை.
எது இரவென்று உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது.
பஸ் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கைத் தொடும் வயிறு
சும்மா கிடக்கிற சாமான் அல்ல.
கொழுப்புப் பேசும்.
நாள் முழுக்க, சின்னக் குரலில்,
நெருப்பு நெருப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
ஓடி வந்து பார்த்து, ஒன்றுமில்லையென்று திரும்பி,
மறுபடி ஓடி வந்து
காவலுக்குக் காது மரத்துப்போனது.
நிஜமாய்ச் சிப்பி வெட்டிய அன்று
யாரும் அவசரப்படவில்லை.

காய்ச்சல் இல்லை. வெப்பமானி சுத்தம்.
ஆனாலும் கன்னியாக் கிணறுகள் மாதிரி
அடியில் ஒரு சூடு,
யார் அடுப்பு மூட்டினதென்று தெரியாமல்.
ஈரலில் ஒரு கிணறு, பல் முரசில் ஒன்று,
குருதிக் குழாயின் உட்சுவரில் ஒன்று.
மிச்சத்தை இனித்தான் தேட வேண்டும்.

சாளரத்துக்கு வெளியே மான்கள்.
கோட்டைப் பக்கமிருந்து பட்டணத்துக்குப் பழகியவை,
சோற்றுப் பார்சல் தாளை மெல்லுகின்றன.
நாயொன்று குரைத்துக்கொண்டு வருகிறது.
கிடாய் தலையைத் தூக்கி, பார்த்து,
திரும்பவும் பாண் துண்டுக்குக் குனிகிறது.
கால்கள் இருக்கின்றன,
நல்ல கால்கள்.

அறிக்கையை நிரப்புகிறேன்.
மூன்று மாதச் சீனி: பதினொன்று தசம் இரண்டு.
தூக்கத்துக்கு அதில் ஒரு கட்டம் இல்லை.
ஹபரணைக்கு இல்லை.
பஸ் முதலாளிக்கும் இல்லை.

போன கிழமை, யாரும் இல்லாத நேரம்,
என் விரலையும் குத்திப் பார்த்தேன்.
வந்த இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதவில்லை.
தொடர்ந்து நாலாவது இரவு ட்யூட்டி இது.
லாச்சிக்குள் கிறீம் பிஸ்கட்.

கார்த்திகையில் மழையோடு மறுபடி வந்தான்.
கந்தளாய்ப் பகல் பஸ்ஸுக்கு மாறிவிட்டானாம்.
சம்பளம் குறைவு என்று லோஜினி
எனக்குத்தான் சொன்னாள், நான் கொடுப்பதுபோல.
தேத்தண்ணி வெறும். பனங்கட்டிகூட இல்லை.
இரவு பத்துக்கு லைற் நூர்க்க
முதல் கிழமை பிள்ளைகள் பயந்துபோனார்களாம்.
காயத்தின் ஓரத்தில்
நுங்கு நிறத்தில் மெல்லிய தோல்.

எட்டு தசம் ஆறு.
நல்லதென்று சொல்ல முடியாது;
சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

புதுச் சொட்டு, அதே ஊதா.
அணுக்கள் அன்றைக்கு மாதிரியே இருக்கின்றன.
சாயமிட்டது செத்த அணு.
கூப்பிட்டால் ஓடுமா என்று என் கண்ணாடி சொல்லாது.
அதைக் காலடியில்தான் பார்க்கவேண்டும்,
கட்டுப் பிரிக்கும் தாதி பார்ப்பாள்.
நான் நூறு எண்ணி முடித்தேன்.

பிறகு லாச்சியைத் திறந்து
பிஸ்கட் பக்கெட்டை எடுத்துக்கொண்டு
மானுக்குப் போடலாமென்று வாசல்வரை போனேன்.
கிடாய் நின்றது, கிட்ட வந்தது.

பக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.
இன்னும் எங்கே போடுவதென்று தெரியாமல்
கையில் வைத்திருக்கிறேன்.