பதினாறு தையல்

கருவிழி என்கிறோம் நாம்.
அதில் கருப்பு ஒரு துளியும் இல்லை,
எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கிறது.
உலான்பாதரில் ஒருத்திக்குப் பெயரிலேயே
தெளிவு உண்டு:
ஒயுன்துங்கலக்.
அறுவை அரங்கில் அவ்வளவு நீளத்துக்கு நேரமில்லை,
துங்கா என்பார்கள்.

முதல் கண் ஷாக்தருடையது.
ஆட்டுக் கொம்பு குத்தி வெளுத்த இடது கண்.
தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
ஏழாவது தையலில் மின்சாரம் போனது.
செவிலி கைவிளக்கைப் பிடித்தாள்.
கை நடுங்க, வெளிச்சமும் நடுங்க,
முடியைவிட மெல்லிய நூலை
மூச்சை நிறுத்தி நிறுத்தி முடிந்தாள் துங்கா.
பதினாறு.
திரும்ப எண்ணினாள். பதினாறுதான்.

பத்து மாதம் தெளிவாக இருந்தது.
பிறகு குளிர்கால மேய்ச்சலில்
சொட்டு மருந்து உறைந்து கல்லானது.
ஷாக்தர் அதை அடுப்பின்மேல் வைத்து உருக்கினான்.
வசந்தத்தில் வந்தபோது
கண்ணில் பால் ஊற்றியதுபோல் இருந்தது.
"நாலு வேளையும் விட்டேனே டாக்டர்."
விட்டுத்தான் இருக்கிறான்.
கோபப்பட அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்கிறாள்:
பனியில் பிறந்த குட்டியை எங்கே வைப்பாய்?
கோட்டுக்குள், வயிற்றோடு.
இந்தப் புட்டியையும் அங்கேயே வை.

ஒரு ஜனவரியில் அவளே வைத்தாள்.
விமான நிலையச் சாலையில் டாக்ஸி நின்றுவிட்டது,
மைனஸ் முப்பத்து நான்கு.
இளஞ்சிவப்பு நீரில் மிதக்கும் ஒரு சிறு வட்டம்.
எந்த நாட்டு மனிதரோ,
பெட்டியில் வயது மட்டும்: ஐம்பத்தெட்டு.
துல் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தாள்.
அவர் கடைசியாகப் பார்த்தது எதுவும்
இதில் ஒட்டியிருக்காது, அவளுக்குத் தெரியும்.
ஆனாலும் புட்டி குலுங்காமல் நடந்தாள்.
ரத்தமே ஓடாத சதை இது,
காற்றைக் குடித்து உயிரோடிருப்பது.
இனி இந்த ஊர்க் காற்றை,
இந்த நிலக்கரிப் புகையைக் குடிக்க வேண்டும்.
மன்னித்துக்கொள் என்று கோட்டைத் தொட்டுச் சொன்னாளாம்.
அவளே சொன்னது. நம்பலாம்.

கடைத்தெருவில் வணங்குகிறவர்களை
அவளுக்கு அடையாளம் தெரியாது.
கிட்டே வந்து வெயிலுக்கு முகம் திருப்பினால்
ஓ, இரண்டாயிரத்து ஏழு, வலது கண்,
ஒன்பதாவது தையல் கொஞ்சம் இறுக்கம்.
மகள் தான் விரும்பியவனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது
அம்மாவின் முதல் வார்த்தை:
"வலது விழி சற்றுக் கூம்பு. கசக்காதே."
மகள் இரண்டு வாரம் பேசவில்லை.
மருமகன் இன்றுவரை கசக்கவில்லை.

மேசையின் இழுப்பறையில் ஒரு பச்சை நோட்டு.
மங்கிப்போன கண்கள் மட்டும் அதில்.
முதல் வரி ஷாக்தர்.
மற்றவை எத்தனை என்று நான் கேட்கவில்லை.
தெளிந்தவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை.
நன்றாக முடிந்த வேலை கண்ணுக்குத் தெரியாது,
தெரிந்தால் அது கெட்டுப்போனது.

நேற்று பியாம்பஜாவ் வந்தாள்,
ரயில்வே கேன்டீன் சமையல்காரி,
சுவருக்கு அடித்த சுண்ணாம்பு இரண்டு கண்ணிலும்.
பதினான்காம் மாதம், கடைசித் தையலும் வெளியே வந்தது.
புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வெகுநேரம் டாக்டரையே பார்த்தாள்.
"குரலை வைத்துச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன்" என்றாள்.

துங்கா சிரித்ததில்
இடுக்கி முனையில் இருந்த நூல் எங்கோ விழுந்தது.
மேசையில் தேடினாள், மடியில் தேடினாள்.
வெறுங்கண்ணுக்கு அகப்படாத நூல் அது.
விட்டுவிட்டு
அடுத்தவரை வரச் சொன்னாள்.