ஐம்பதாவது பெட்டி

நூற்றுக்கு மூன்று என்று எழுதினேன்,
பெட்டியில் வாள் இருக்கும் வாய்ப்பு.
கலப்படமில்லாத மூன்று.
நூறு பெட்டி திறந்தும் கிடைக்காத
சூளைமேட்டுக்காரர் ஒருவர்
ஏமாற்று ஆட்டம் என்று ஏசினார்.

ராஃபியா சொன்னாள்:
தோல்வியை எண்ணிக்கொண்டே வா,
ஐம்பதாவதில் கொடுத்துவிடு.
அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொள்வார்.

ஒரே வரி. சேர்த்தேன். ஏச்சு நின்றது.

பெருங்குடி ஸ்டேஷன், கடைசி ரயில்.
குறுஞ்செய்தி வருகிறது:
வீட்டுவசதிக் குலுக்கலில்
ஏழாம் முறையும் என் பெயர் இல்லை.

அந்த டப்பா யாரையும் ஏமாற்றவில்லை.
முந்தைய ஆறும்
அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.
நேர்மை அப்படித்தான் இருக்கும்,
எனக்குத் தெரியாதா.

இருந்தும்
விண்ணப்ப ரசீதின் ஓரத்தில்
பென்சிலால் ஏழாவது கோடு போடுகிறேன்.
யாராவது எண்ண வேண்டுமே.