இடையில் வெள்ளம்

எண்ணூறு மீட்டர்.
அந்த எண்ணைத் தட்டியவன் நான்தான்.
திருவட்டாறு வட்டார வள மையம்,
மூன்றாவது மேசை, தொகுப்பூதியம்.
செயற்கைக்கோள் படத்தில் பள்ளிக்கூடம் ஒரு புள்ளி,
ஈறைப்பாறைக் குடியிருப்பு ஒரு புள்ளி.
கோடு இழுத்தேன். கணினி அளந்து சொன்னது.
ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால்
பயணப்படி இல்லை, வழித்துணை இல்லை.
பதினேழு பிள்ளைகளின் பெயருக்கு நேரே
'தகுதியில்லை' தானாகவே சிவப்பில் விழுந்தது.
நான் சாயா குடிக்க இறங்கினேன்.

ஆவணியில் ஒரு கடிதம்.
கோடு போட்ட தாள், ஓரத்தில் ஒட்டுப்பால் கறை.
'எண்ணூறு மீட்டர் என்று எழுதின சார்
ஒருதரம் வந்து நடந்து காட்டவும்.
இப்படிக்கு, நீலம்மை,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.'

பேச்சிப்பாறை தாண்டி
பஸ் திரும்பும் இடத்தில் நின்றாள்,
பால்வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகி.
கரைவரை கூட்டிப் போய்
"நடங்க சார்" என்றாள்.

முன்னால் அணையின் தண்ணீர்,
அடியில் என்ன இருக்கிறதென்று காட்டாத பச்சை.
அக்கரையில் ஓட்டுக்கூரை தெரிந்தது,
கொடிக்கம்பம்கூடத் தெரிந்தது.
"இடையில வெள்ளம் கெடக்கு.
சுத்திப் போனா ஒம்பது கிலோமீட்டர்,
ஆனை நிக்கும்."

மாத்தன் காணியின் வள்ளத்தில் ஏறினோம்:
மூன்று பிள்ளைகள், சத்துணவுக்கு ஒரு தட்டு முட்டை, நான்.
மூன்றாம் வகுப்பு அபிஷா
சிரட்டையால் நீரைக் கோரிக் கோரி வெளியே விட்டாள்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
பேன் சொறிகிறவளைப்போல.
மழை நாளில் வள்ளம் இறங்காது.
மழை நாட்களில் அவள் பெயருக்கு நேரே
'காரணமின்றி விடுப்பு' என்று ஏற்றியதும் நான்தான்.

இரண்டு அறை. அதில் ஒன்றில் விறகு.
ஒரே கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் ஐந்தாக வகுத்து
ஐந்து வகுப்பையும் நடத்துகிறார் டெல்பின் டீச்சர்.
ஒன்றாம் வகுப்புக்குக் கீழ்மூலை, கை எட்டவேண்டுமே.
அவர் பயிற்சிக்கு வரும் நாளில் பள்ளிக்குப் பூட்டு.
மாதம் இருமுறை அழைப்பது நாங்கள்.
போன பயிற்சியின் தலைப்பு: 'இடைவிடாத கற்றல்.'

அலுவலகம் திரும்பி எண்ணைத் திருத்தப் பார்த்தேன்.
பூட்டியிருந்தது.
குறிப்பு என்ற கட்டம் மட்டும் திறந்திருந்தது,
ஐம்பது எழுத்துக்கு.
'இடையில் வெள்ளம்' என்று தட்டினேன்.
எங்கள் பேச்சு அது. தாகத்துக்குக் கேட்பதும் வெள்ளம்,
தொட்டியில் பிடித்து வைப்பதும் வெள்ளம்.

சென்னையிலிருந்து பதில் வந்தது:
'வெள்ளம் எந்தத் தேதி முதல்?
எப்போது வடியும்?'
அணை கட்டின நாள் எனக்குத் தெரியாது.
யாரைக் கேட்பது என்று யோசிப்பதற்குள்
நிவாரணம் வந்து இறங்கிவிட்டது:
தார்ப்பாய் இரண்டு,
பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை,
'வெள்ளத்துக்குப் பின் செய்ய வேண்டியவை' சுவரொட்டி பத்து.

எல்லாவற்றையும் அதே வள்ளத்தில்தான் கொண்டுபோனேன்.
அபிஷா இன்னும் வேகமாகக் கோரினாள்.
நீலம்மை எண்ணிப் பார்த்து ஒப்பமிட்டாள்.
தார்ப்பாய் கூரை ஒழுகும் மூலைக்குப் போயிற்று.
சுவரொட்டியின் வெள்ளைப் பின்புறம்
நாலாம் வகுப்புக்கு வரைபடத்தாள்.
"கொள்ளாம்" என்றாள்.
"செரி, வள்ளம் வரணும்னா என்னத்த எளுதணும் சார்?"

பலகையின் கீழ்மூலையில் சுஜின்
ஒரு படகு வரைந்து பெயர் எழுதியிருந்தான்.
கொம்பு போட்டு.
டெல்பின் டீச்சர் வந்து
கட்டைவிரலால் கொம்பை மட்டும் அழித்தார்.
"இப்பம் வாசி."
"வள்ளம்" என்றான்.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு
என்னிடம் கேட்டார்:
"நாளைக்குப் பயிற்சி உண்டா?
பிள்ளைகளிடம் சொல்லணும், வரவேண்டாமென்று."